சாயம் போகாத நூல்

பிற்பகல் மணி மூன்று அடிக்கும்போதே பின்கட்டில் விளக்கு ஏற்ற வேண்டியிருந்தது. விளக்கைத் தூக்கிப் பிடித்தபோதுதான் தாமார் தொட்டியில் தண்ணீரைப் பார்த்தாள்.

துணியை நடுவில் விட்டுச் சுருக்கமெடுக்கும் உருளைப்பொறிக்குக் கீழே எப்போதும் கிடக்கிற மரத்தொட்டி. காலையில் அதைத் துடைத்துக் காயவைத்துப் போட்டவள் அவள்தான். இப்போது அதன் அடியில் ஒரு குவளை அளவுக்குத் தண்ணீர் நின்றது. மேலே, இரண்டு மர உருளைகளும் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டிருந்த கோட்டில், இன்னொரு சொட்டு மெல்லத் திரண்டு, கனத்து, விளக்கு வெளிச்சத்தை ஒரு கணம் உள்ளே வாங்கிக்கொண்டு விழுந்தது.

காலையில் அவள் உருளையில் விட்டது ஒரே ஒரு துணி. மகள் செலினாவின் வெள்ளை மேலங்கி. போன வாரமே துவைத்து, அடுப்புக்கு மேலே கயிற்றில் தொங்கும் சட்டத்தில் கிடந்து மொடமொடவென்று காய்ந்திருந்தது. உருளையில் விடுமுன் துணிமீது விரலால் தண்ணீர் தெளிப்பது வழக்கம். இன்று அதையும் செய்யவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை.

இன்று வருஷப் பிறப்பு.

திங்கட்கிழமை என்றால் அந்தப் பள்ளத்தாக்கில் எல்லா வீட்டுப் பின்கட்டிலும் துணி துவைக்கக் கொப்பரை கொதிக்கும். தெருவுக்குக் குறுக்கே கொடிகள் கட்டி, வண்டிக்காரன் தலையைக் குனிந்துதான் போக வேண்டியிருக்கும். ஆனால் 1877 திங்கட்கிழமையில் பிறந்தது. அன்று ஒரு கொடியும் இல்லை. தெரு முழுக்க வெறும் காற்று. வருஷம் பிறந்த அன்று துணி துவைத்தால் வீட்டில் ஒரு ஆள் தண்ணீரோடு போய்விடும் என்பது அங்கே பிள்ளைகளுக்கும் தெரியும். தேவாலயத்துக்குப் போகாதவன்கூட அதை மீறமாட்டான்.

தாமாருக்கு இருந்தது ஒரே ஆள். ஆறு வயது. துருப்பிடித்த ஆணி நிறத்தில் தலைமுடி, மூக்கெல்லாம் தவிட்டுப் புள்ளி, மோவாயில் அடுப்புக் கம்பியில் விழுந்த தழும்பு.

காலையில் அந்த ஒரே ஆள்தான் மேலங்கியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அம்மா, இதப் பாரு. கசங்கின காகிதம் மாதிரி இருக்கு. இன்னிக்கு சபையில டீ விருந்து. எல்லாரும் வருவாங்க."

"நீ வாயைத் தொறந்து பேச ஆரம்பிச்சா யாருடி உன் துணியப் பாக்கப் போறா?"

"எல்லாரும் பாப்பாங்க. ஞாயிறு பள்ளியில என் பக்கத்துல உக்கார்ற அந்த ஏடா பொண்ணும் பாப்பா. ஏடாவுக்கு லேசு வச்சது இருக்கு, ஓரமெல்லாம் பூப்பின்னல்."

பக்கத்து வீட்டு ஹெப்சிபா வாசற்படியில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பருத்த உடம்பு, முழங்கைவரை சிவந்த கை. தெருவில் யார் வீட்டில் பிறப்பென்றாலும் இறப்பென்றாலும் முதலில் படியேறுகிறவள்.

"உருளையில ஒரு தடவை விட்டுக் குடேன்டி."

"இன்னிக்கா அக்கா?"

"உருளையில விடறது துவைக்கறதா? தண்ணி உண்டா, சோப்பு உண்டா? அதுவும் துவைக்கறதுதான்னா மூஞ்சி கழுவறதும் துவைக்கறதுதான். எங்க வீட்டு ஆளு காதுல விழுந்துடப் போகுது. அந்தச் சாக்குல ஒரு வாரம் கழுவாம திரிவாரு."

செலினா சிரித்தாள். தாமாரும் சிரித்தாள். தண்ணீர் படாமல் ஒரே ஒரு சுற்று. அது துவைப்பது ஆகாது. ஆகவே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். சுருக்கம் எல்லாம் ஓடிப்போய் மேலங்கி பால் பரப்பியதுபோல் வெளியே வந்தது.

இப்போது அவள் குனிந்து தொட்டியில் விரல் விட்டுப் பார்த்தாள். தண்ணீர் குளிரவில்லை. பின்கட்டில் வாளித் தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடியாய் உறைந்திருந்தது. தொட்டித் தண்ணீர் மட்டும் குளிரவில்லை. முகர்ந்தாள். சோப்பு இல்லை, நீலம் இல்லை, ஆற்று நாற்றம் இல்லை. மிகவும் பழகிய ஏதோ ஒரு வாசனை. என்னவென்று நாக்கு நுனிக்கு வந்து வந்து போயிற்று.

மரத்தில் ஊறியிருந்த பழைய ஈரமாக இருக்கும். தொட்டியைத் தூக்கிக் கொல்லைப்புறச் சாக்கடையில் கொட்டினாள்.

அந்த ஊரில் புருஷன் போனால் உருளை வரும். சாயப்பட்டறையில் வேலை பார்த்த அவள் புருஷன் ஜேபஸ் நெஞ்சு நிறையச் சளியோடு போய்ச் சேர்ந்த மாதம், தெருவே சேர்ந்து கைக்கு வந்ததைப் போட்டு அவளுக்கு இந்த உருளையை வாங்கிக் கொடுத்தது. எல்லா விதவைக்கும் அப்படித்தான். ஊரார் மூட்டை மூட்டையாகத் துணி கொண்டுவருவார்கள். அவள் உருளையில் விட்டு, சுருக்கமில்லாமல் மடித்துக் கொடுப்பாள். பிழைப்பு ஓடும். "புருஷனும் உருளையும் ஒண்ணுதான்டி, ரெண்டும் முனகும். இது குடிக்காது" என்று ஹெப்சிபா அன்று சொன்னாள். இழவு வீட்டில் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள்.

பச்சை வண்ணம் பூசிய இரும்புச் சட்டம். மேலே அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. பக்கத்தில் ஆள் உயரத்தில் பாதி இருக்கும் சக்கரம், அதில் கைப்பிடி. நடுவில் இரண்டு வெளிர் மர உருளைகள். ஏற்கெனவே எங்கேயோ உழைத்த பொருள்தான். வந்த அன்று துடைக்கும்போது உருளையின் அச்சில் ஒரு துண்டு சிவப்பு நூல் சுற்றிக்கிடந்ததை அவள் பார்த்தாள். இழுத்தாள். கொஞ்சம் வந்தது. மீதி உள்ளே போய்விட்டது.

அன்று மாலை சபையில் விருந்து நன்றாகத்தான் இருந்தது. பெரிய பாத்திரத்தில் டீ கொதித்தது. ஈரக் கம்பளி உடுப்புகளிலிருந்து ஆவி கிளம்பிற்று. பிள்ளைகள் நீண்ட பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருக்க, ஞாயிறு பள்ளி மிஸ் ஹார்ட்லி ஒவ்வொரு கையிலும் ஒரு திராட்சை ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் வைத்துக்கொண்டே வந்தாள். ஏடா. அடுத்தது செலினா. மிஸ் ஹார்ட்லி அவளைத் தாண்டி அடுத்த பையன் கையில் வைத்தாள்.

தாமார் எழுந்தாள். "மிஸ், எம் பொண்ணுக்குக் குடுக்கலியே."

"யாருக்கு?"

"செலினாவுக்கு. இதோ."

மிஸ் ஹார்ட்லி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை பெஞ்சின்மேல் கொஞ்ச நேரம் தேடிற்று. பிறகு, எழுத்து அழிந்த கல்லறைக் கல்லைப் படிப்பதுபோல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள்.

"ஐயோ. மன்னிச்சுக்கம்மா. கவனிக்கவே இல்ல."

திரும்பி வரும் வழியில் செலினா ஆரஞ்சை உரிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

"அவங்க என்னப் பாத்தாங்கம்மா."

"கூட்டத்துல தெரிஞ்சிருக்காது."

"பாத்தாங்க. பாத்துட்டுதான் போனாங்க."

வீட்டில் மேலங்கியைக் கழற்றும்போது தாமார் அவள் விரல்களைப் பார்த்தாள். பத்து நுனியும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. காலையிலிருந்து மாலைவரை துவைக்கும் தண்ணீரில் கையை விட்டுக் கிடந்தவளின் விரல்கள். தாமாரின் விரல்கள் திங்கட்கிழமைகளில் இப்படித்தான் இருக்கும்.

"எங்கடி கைய விட்ட?"

"எங்கயும் விடல."

பின்கட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டொக். நெடுநேரம் கழித்து, மறந்துபோன பிறகு, மறுபடியும். டொக்.

மறுநாள் காலையில் தொட்டியில் மறுபடி தண்ணீர் இருந்தது. இம்முறை பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். நிறம் இருந்தது. இரண்டாம் முறை வடித்த தேயிலை நிறம். தவிட்டு நிறம்.

தாமார் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தாள். செலினா இரவுச் சட்டையோடு இறங்கி வந்துகொண்டிருந்தாள். அவளைச் சன்னலருகே இழுத்து, முகத்தை இரண்டு கையாலும் ஏந்தி, வெளிச்சத்துக்குத் திருப்பினாள். மூக்கின்மேல் ஒரு புள்ளிகூட இல்லை. குளிர்காலத்தில் மங்கும். மங்கும்தான். ஆனால் தோல் அத்தனை வெள்ளையாக இருந்தது, யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்து எடுத்ததுபோல்.

"வலிக்குதா?"

"இல்ல. குளுருதும்மா."

குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு பிடரியில் முகத்தைப் புதைத்தாள். எப்போதும் அங்கே ஒரு வாசனை இருக்கும். தூக்கத்தின் வெதுவெதுப்பும், ஓட்ஸ் ரொட்டியும், கொஞ்சம் வியர்வையும் கலந்தது. இப்போது அங்கே ஒன்றும் இல்லை. வெளுத்த துணியின் வாசனைகூட இல்லை.

அப்போதுதான் நேற்று நாக்கு நுனிக்கு வந்து வந்து போனது என்னவென்று தெரிந்தது.

அதைத்தான் சாக்கடையில் கொட்டியிருந்தாள்.

அதன் பிறகு அவள் தண்ணீரைக் கொட்டவில்லை. தொட்டிமேல் ஒரு பலகையை வைத்து, சொட்டு விழுவதற்கு மட்டும் இடம் விட்டு மூடினாள். உருளையின் திருகைத் தளர்த்தினாள். இரண்டு உருளைகளும் விலகி, நடுவில் கை நுழையும் இடைவெளி வந்தது. அந்த இடைவெளியிலும், காற்றிலிருந்தே திரள்வதுபோல், சொட்டு திரண்டது. டொக். துணியைத் திணித்து அடைத்தாள். துணி நனைந்து, அதிலிருந்து வடிந்தது. டொக். செலினாவை அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, கம்பளி சுற்றி, கரியை அள்ளி அள்ளிப் போட்டாள். ஈரத்துணி காய்வதுபோல் அவளும் காய்ந்தால் நின்றுவிடும் என்று நினைத்தாள். கம்பளி காய்ந்தே இருந்தது. தண்ணீர் நிற்கவில்லை. நிறம் ஏறிக்கொண்டே வந்தது. தேயிலை, பிறகு வெல்லப்பாகு, பிறகு துரு.

செலினாவின் தலைமுடி சாம்பலாயிற்று. பிறகு வெள்ளை.

ஒரு பகல், குழந்தையின் கையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளங்கையை விரித்தாள். ரேகை இல்லை. ஒரு கோடுகூட இல்லை. முட்டியைப் பார்த்தாள். முழங்கை மடிப்பைப் பார்த்தாள். மோவாயைத் தடவித் தழும்பைத் தேடினாள். எங்கும் வழுவழுவென்று இருந்தது. சுருக்கம் எடுத்தது. மடிப்பு எடுத்தது. அவளே ஆயிரம் முறை செய்த வேலை. எப்படி இருக்கும் என்று அவள் விரலுக்குத் தெரியும்.

இது நல்ல கைவேலை.

மூட்டைகள் முன்னறையில் குவிந்துகொண்டிருந்தன. வார நடுவில் ஹெப்சிபா வந்தாள்.

"பாதிரியார் வீட்டு விரிப்பு இன்னும் அவிழ்க்காமலே கெடக்கு. என்னடி, உடம்புக்கு முடியலையா?"

"அக்கா, இந்த உருளைய எடுத்துட்டுப் போயிடுங்க."

"எங்க எடுத்துட்டுப் போறது?"

"எங்கயாவது. ஆத்துல போடுங்க."

ஹெப்சிபா முகம் இறுகிற்று. "தெருவே வயித்தக் கட்டி வாங்கிக் குடுத்ததுடி. ஆத்துல போடவா?"

"இது முந்தி யாரு வீட்டுல இருந்துச்சு?"

"யாரோ ஒரு கெழவி. கீழ ஊருல. எங்க வீட்டு ஆளுதான் போய் ஏத்திட்டு வந்தாரு. புள்ள குட்டி கெடையாதாம், ஒண்டிக்கட்ட. ஆனா பாரு, மாடியில சின்னக் கட்டில் ஒண்ணு போட்டு, தெனம் தூசி தட்டி வச்சிருக்கா. எதுக்கும்மா இதுன்னு இவரு கேட்டாராம். 'தெரியலப்பா, தட்டாம இருந்தா அழுகை வருது'ன்னாளாம்." ஹெப்சிபா கெக்கெக்கென்று சிரித்தாள். "தனியா கெடந்தா மூளை அப்படித்தான் போகும். அதான் உனக்கும் சொல்றேன். இப்படி ஒண்டியா உக்காந்து அடுப்பையே பாத்துட்டு இருக்காத."

"நான் ஒண்டியா இல்ல. செலினா இருக்கா."

"யாரு?"

அடுப்புக்குப் பக்கத்தில், ஹெப்சிபாவின் பாவாடை விளிம்பு உரசும் தூரத்தில், செலினா கம்பளிக்குள் உட்கார்ந்து அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ணு, அக்கா. நீங்கதான் பிரசவம் பாத்தீங்க. கால் முன்னால வந்துச்சுன்னு திருப்பி எடுத்தீங்க."

ஹெப்சிபா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஹெப்சிபாவின் குரல் இறங்கிவிட்டது. அந்த இறக்கம்தான் தாமாரைக் குலைத்தது. இழவு வீட்டில் பேசும் குரல் அது.

"கண்ணு. உனக்கும் ஜேபஸுக்கும் புள்ளையே தங்கலியே."

அவள் போன பிறகு செலினா கேட்டாள். "நான் எதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

"இல்லடி தங்கம்."

"அப்போ ஏன் யாரும் பேச மாட்டேங்கறாங்க?"

தாமார் தையல் பெட்டியைத் திறந்தாள். ஊரார் துணி ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, ஒவ்வொரு வீட்டாரும் மூலையில் பெயரைச் சிவப்பு நூலில் தைத்திருப்பார்கள். சாயம் போகாத நூல். கொப்பரையில் எத்தனை கொதி கொதித்தாலும், எத்தனை திங்கள் போனாலும், துணி நைந்து கிழிந்தாலும், அந்தச் சிவப்பு நிற்கும். ஜேபஸ் சொல்வான், இந்த ஒரு சாயத்தைத்தான் ஆறு திருட முடியாது என்று.

இரவுச் சட்டையை உடம்பிலிருந்து கழற்றாமலே தைத்தாள். நெஞ்சுக்கு நேராக. குறுக்குத் தையல், எழுத்து எழுத்தாக. செலினா. ஊசி துணியின் மறுபக்கம் போகும்போது விரலை உள்ளே கொடுத்துக்கொண்டாள், குழந்தையின் தோலில் படாதபடி. தைக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள். கால் முன்னால் வந்தது. பனி பெய்தது. ஜேபஸ் தெருவெல்லாம் போய்ச் சொன்னான். பிறந்தது ஒரு... ஒரு...

கிழமை ஞாபகம் வரவில்லை.

நேற்றுவரை தெரிந்த கிழமை. ஊசியைப் பிடித்தபடியே இருந்தாள். பல் முளைத்தபோது என்ன கடித்தாள்? முதல் வார்த்தை என்ன? ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தாள். சில திறந்தன. சிலவற்றின் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தது.

பின்கட்டில் டொக். டொக்.

சொட்டு வேகமாகிவிட்டது.

அன்று சாயங்காலம் கரி எடுக்கப் போய்த் திரும்பியபோது அடுப்புக்குப் பக்கத்தில் கம்பளி மட்டும் கிடந்தது. பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. செலினா உருளைக்கு முன்னால், ஒரு கையை நீட்டியபடி நின்றிருந்தாள். சட்டைக் கையின் விளிம்பு இரண்டு உருளைகளுக்கும் நடுவே இருந்தது. தளர்த்தி வைத்த திருகு இறுகியிருந்தது. சக்கரம் அசையவில்லை.

"அதுக்குள்ள கைய விட்டியா?"

"நான் விடலம்மா. அது புடிச்சிருக்கு."

"இழு!"

"இழுத்தா அது கொஞ்சம் கொஞ்சமா இழுக்குது. நான் சும்மா நின்னா அதுவும் சும்மா நிக்குது. அதான் சும்மா நின்னுட்டு இருக்கேன்."

தாமார் பாய்ந்து திருகைப் பிடித்தாள். திருகைத் திருப்ப உள்ளங்கைத் தோல் கிழிந்தது. சட்டைக் கை விடுபட்டபோது அதன் விளிம்பு மடிப்பில்லாமல், வெள்ளையாக, வெதுவெதுப்பாக இருந்தது.

கதவைச் சாத்தினாள். மேசையை இழுத்து அதன்மேல் சாய்த்தாள். நூற்கண்டை எடுத்துக் குழந்தையின் மணிக்கட்டில் சுற்றி முடிந்து, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் முடிந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து அவளை மடியில் வைத்துக்கொண்டாள். தொட்டித் தண்ணீர் இருக்கிறது. ஒரு சொட்டும் வீணாகவில்லை. முதல் நாளைத் தவிர. போனது எல்லாம் அங்கேதான் இருக்கிறது, பலகைக்கு அடியில், துரு நிறத்தில். ஏதாவது வழி இருக்கும். சாயம் ஏற்றத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! வெளுத்த நூலுக்கே மறுபடி சாயம் ஏற்றுகிறார்கள். இருக்கும். தண்ணீர் இருக்கும்வரை வழி இருக்கும்.

"அம்மா, என் பேரச் சொல்லு."

"செலினா."

"இன்னொரு தடவை."

"செலினா."

மடியில் கனம் இல்லை. மடித்த துணியின் கனம்தான் இருந்தது. சொல்லிக்கொண்டே இருந்தாள். பொழுது விடிந்தது. சாயப்பட்டறைச் சங்கு ஊதிற்று. அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு, பல நாள் விழித்த கண், வெளிச்சத்தைப் பார்த்த தைரியத்தில், ஒரு கணம் மூடிற்று.

தட் என்று ஒரு சத்தம்.

மடி வெறுமையாய்க் கிடந்தது, மேசை நகர்ந்திருந்தது. பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. கொல்லை வாசலில் ஹெப்சிபா, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, தொட்டியைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"முழிச்சிட்டியா? நல்லாத் தூங்கட்டும்னுதான் கொல்லை வழியா வந்தேன். எந்தக் காலத்துத் தண்ணிடி இது? துரு நாத்தம். இப்படி வச்சிருந்தா தொட்டி அழுகிடாதா?"

தாமார் ஓடினாள்.

ஹெப்சிபாவை இடித்துத் தள்ளிவிட்டுச் சாக்கடைக் கல்லில் மண்டியிட்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கல்லின் பள்ளத்தில், பனிக்கு நடுவே, செம்பழுப்பாக, ஆவி பறக்க. இரண்டு கையாலும் அள்ளினாள். விரலிடுக்கில் வழிந்தது. பாவாடையை விரித்து அணை போட்டாள். சுற்றிக்கொண்டு ஓடிற்று. பனியோடு சேர்த்து அள்ளி வாயில் வைத்தாள். அந்த வாசனை. பிடரி வாசனை. தூக்கம். ஓட்ஸ் ரொட்டி. ஒரு சிரிப்பு. ஏடாவுக்கு லேசு வச்சது இருக்கு. கால் முன்னால். பனி. என் பேரச் சொல்லு. என் பேரச்...

கடைசி நிறம் சாக்கடை வாயில் சுழன்று, கீழே ஆற்றுக்கு இறங்கியது.

கல் வெறும் கல்லாக இருந்தது.

தாமார் மண்டியிட்டபடியே இருந்தாள். முட்டி குளிர்ந்தது. கை நிறையப் பனி இருந்தது. அதைப் பார்த்தாள். கீழே போட்டாள்.

ஹெப்சிபா அவள் தோளைத் தொட்டாள். "என்னடி ஆச்சு?"

"தெரியல."

"எதுக்கு இப்படி ஓடி வந்த?"

"தெரியல அக்கா. ஏதோ அடுப்புல வச்சிட்டு மறந்துட்டேன்னு நெனச்சேன்."

"சரியாத் தூங்கல, அதான். எந்திரி. எந்திரி கண்ணு. மூட்டையெல்லாம் நான் பிரிச்சுத் தரேன், நீ சுத்து. வேலை செஞ்சா எல்லாம் சரியாயிடும்."

சரியாகத்தான் இருந்தது. நெஞ்சில் ஒரு பாரமும் இல்லை. பல நாளாக மூச்சை அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று விலகியதுபோல் இருந்தது. முன்னறையில் ஹெப்சிபா பாதிரியார் வீட்டு விரிப்புகளை உதறும் சத்தம் கேட்டது. அவள் ஏதோ பாட்டு முனகினாள். வெளியே பனிமேல் வெயில் படிந்தது. சொட்டுச் சத்தம் நின்றிருந்தது. அப்படி ஒரு சத்தம் இருந்ததையே தாமார் நினைக்கவில்லை.

உருளைக்குப் பக்கத்தில் வந்தபோது மணிக்கட்டில் ஏதோ இழுத்தது.

சிவப்பு நூல். முடிந்திருந்தது. எப்போது சுற்றிக்கொண்டதோ. நூல் அவள் கையிலிருந்து தரைக்குத் தாழ்ந்து, தரையிலிருந்து மறுபடி எழும்பி, நேராக இரண்டு உருளைகளுக்கும் நடுவே போயிற்று. தையல் வேலையில் மாட்டியிருக்கும். பல்லால் கடித்து அறுத்தாள். அறுந்த முனை சட்டென்று உள்ளே போயிற்று.

உருளையில் ஒரு துணி ஏற்கெனவே பாதி ஏறியிருந்தது. சிறியது. இரவுச் சட்டை. கழுத்துப் பக்கம் உள்ளே போயிருக்க, கீழ் விளிம்பு இந்தப் பக்கம் தொங்கியது. ஹெப்சிபா மாட்டிவிட்டுப் போயிருப்பாள்.

கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். வரவில்லை.

பொத்தான் தடுக்கும். பொத்தான் உள்ள துணியைக் கவனமாக விட வேண்டும். திருகை இன்னொரு சுற்று இறுக்கினாள். இரண்டு கையாலும் பிடித்து, காலைச் சட்டத்தில் ஊன்றி, உடம்பின் எடையைப் போட்டாள். கனத்தது. ஒரு சின்னச் சட்டைக்கு இவ்வளவு கனம் கூடாது. உள்ளே ஏதோ எதிர்த்தது. விட்டுக்கொடுக்காத, மெத்தென்ற ஒன்று. மரம் முனகிற்று. அதனோடு சேர்ந்து இன்னொரு முனகல், மெலிதாக. மரம்தான்.

இன்னும் கொஞ்சம்.

ஏதோ விட்டுக்கொடுத்தது.

அதற்குப் பிறகு சக்கரம் வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடிற்று. அந்தப் பக்கம் வந்து விழுந்ததை இரண்டு கையிலும் ஏந்தி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். அப்பழுக்கில்லாத வெள்ளை. ஒரு சுருக்கம் இல்லை. இரட்டைத் துணியின் தடிமன். வெதுவெதுவென்று இருந்தது. மேல் ஓரத்தில், கழுத்து முடியும் இடத்தைத் தாண்டியும், துணி கொஞ்சம் நீண்டிருந்தது, மிக மெல்லிய வெள்ளைப் பட்டு மாதிரி. சட்டைக் கைகளின் நுனியிலும் அப்படித்தான். நுனியில் ஐந்து ஐந்து சின்ன மடிப்புகள். பெருவிரலால் தடவி விட்டாள். அவையும் படிந்துவிட்டன.

நல்ல கைவேலை.

நெஞ்சுப் பக்கத்தில் மட்டும் நிறம் இருந்தது. குறுக்குத் தையல். யாரோ அவசரத்தில் தைத்திருக்கிறார்கள், ஆனால் இறுக்கமாக. பிரியாது. ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். அந்தத் தெருவில் அப்படி ஒரு பெயர் இல்லை. ஏனோ கண் நிறைந்து, ஒரு சொட்டு கன்னத்தில் இறங்கிற்று. குளிர்க்காற்றுதான். புறங்கையால் துடைத்துக்கொண்டு, சட்டையை அழகாக நாலாக மடித்தாள். மடிக்கும்போது அதற்குள் ஏதோ ஒன்று ஒரே ஒரு தடவை மெல்லத் துடித்தது.

முன்னறைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க ஒரு சின்னச் சட்டை இருக்கு. செலினான்னு தச்சிருக்கு. இது யாரு வீட்டுக் கொழந்தையோடது?"